ஏழு ஐம்பது வண்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் ஒரு டாக்டர். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு என் எதிரே நின்று, "இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று கேட்டார். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். எங்கே ஆரம்பிப்பது என்று என்னை நானே கேட்டுக்கொண்டு எத்தனையோ நாள் திருதிருவென்று முழித்திருக்கிறேன். இன்னொருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னேன். தப்பான பதில்.

ஆரம்பம் சரியில்லாமல் கெட்டுப்போன கதைகள் என்னிடம் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. ஆரம்பம் சரியில்லாமல் ஆளே கெட இருந்தது இதில்தான்.

ஆள், என் கணவர். உயிரோடு இருக்கிறார். அதை மறைத்து வைத்துக் கடைசிப் பக்கத்தில் சொல்கிற அளவுக்கு எனக்குத் தெம்பில்லை. போய்விடுமோ என்று நாங்கள் பயந்தது அவருடைய குரலுக்காக. வலது கைக்காகவும்தான், ஆனால் அவரைக் கேட்டால் கையை எடுத்துக்கொண்டு குரலைக் கொடு என்பார். கேட்க முடியாது. பேச்சு நின்றுவிட்டது.

இதை ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் சுற்றுலாத் திட்டத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கும் இந்தப் பக்கத்தைத் திருப்பினால் "இரண்டாம் நாள்: வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மதியம் ஏரியில் படகு" என்று இருக்கும். நடுநடுவே நான் கெக்கெக்கே என்று சிரிப்பது போலத் தோன்றினால் தப்பாக நினைக்காதீர்கள். பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். எழவு வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவதை என் சொந்தக்காரர்கள் நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

2

மூன்றே பாத்திரங்கள். குழம்ப வழியில்லை.

கணவர் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். ஒரு சின்னக் கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மேசை விசிறி, சுவரில் கால அட்டவணை. இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று ஊருக்கே சொல்கிறவர். முகத்தை யாருக்கும் தெரியாது. ஏதாவது வரிசையில் நின்று "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொன்னால் போதும், பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே கூத்துதான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறை காலியாகிவிட்டது" என்று தோளில் துண்டோடு வெளியே வருவார்.

அடுத்தவள் அவருடைய தங்கை, என் நாத்தனார். எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடை போடும் படிக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவாள்; இல்லாவிட்டால் கடைக்காரர் வயிற்றில் புளியைக் கரைப்பாள். நான் அவளுக்கு வைத்த பெயர் படிக்கல். நேருக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

[படிக்கல்: கோபம் உண்டு. காட்டுவதில்லை.]

பார்த்தீர்களா? நான் எழுதும் ஒவ்வொரு தாளையும் அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தருகிறாள். கையில் பென்சில். அவள் கிறுக்குவதை அழிக்காமல் அடைப்புக்குறிக்குள் விட்டுவிடுகிறேன். ஏன் என்பது ஏழாம் பகுதியில் புரியும்.

மூன்றாவது ஆள் நான். எனக்கு ஒரு வியாதி உண்டு: நடந்ததை நடந்தபடி சொல்ல வராது. ஐந்து பேர் நின்றால் ஐம்பது பேர் என்பேன். தூறினால் கொட்டோ கொட்டென்று கொட்டியது என்பேன். கண் காது மூக்கு வைத்துச் சொல்வதுதானே என் பிழைப்பு? படிக்கல் பக்கத்தில் இருந்தால் "அண்ணி, அஞ்சு பேர்தான்" என்று என் காலை வாரிவிடுவாள். பல சபைகளில் வாரியிருக்கிறாள். அவள் இல்லாத இடமாகப் பார்த்துப் பேசுவது என் பழக்கமாகிவிட்டது.

3

ஆரம்பம் ஒன்று: "அன்று கடல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக"

[படிக்கல்: இந்த ஊரில் கடல் இல்லை. ஏரி.]

ஆரம்பம் இரண்டு: "விமானம் தரையைத் தொட்டபோதே ஏதோ நடக்கப்போகிறது என்று என் உள்மனம்"

[படிக்கல்: விமானம் இறங்கும்போது அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. நான்தான் எழுப்பினேன்.]

ஆரம்பம் மூன்று: வந்து இறங்கியதும் நானும் படிக்கல்லும் எங்கள் கடிகாரங்களை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். இங்கே சூரியன் அவ்வளவு சீக்கிரம். அவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"இங்க மணி என்னன்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும்? நம்ம ஸ்டாண்டுல இப்ப எந்த வண்டி கிளம்புதுன்னு தெரிய வேண்டாமா?"

"லீவு போட்டுட்டு வந்திருக்கீங்க."

"லீவு எனக்குத்தானே? வண்டிக்கு இல்லையே."

இதற்குத் திருத்தம் ஏதும் வரவில்லை. அப்படியானால் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிட்டு நான் கடலையும் உள்மனத்தையும் தேடிக்கொண்டிருந்தேன்.

4

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. பெரிய கண்ணாடிக் கூடம். உள்ளே வெந்நீர் வைத்த குளியலறை மாதிரி புழுக்கம். நடைபாதை ஓரமாக உயரமான கம்பிகளில் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், அதன்மேல் நறுக்கிய பழத் துண்டுகள். பூச்சிகள் வந்து உட்கார்ந்து உறிஞ்சிவிட்டுப் போகும். எண் போட்ட மேடை, வருகை, புறப்பாடு. அந்த மனிதர் சும்மா இருப்பாரா?

இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மலையடிவாரம் செல்லும் ஏழு ஐம்பது வண்டி, நடைமேடை எண் மூன்றிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

மூன்றாம் தட்டிலிருந்த மஞ்சள் பூச்சி சொல்லி வைத்தாற்போல எழும்பிப் பறந்தது. சுற்றி நின்ற நூறு பேர்

[படிக்கல்: எட்டுப் பேர்.]

எட்டுப் பேர், பாஷை புரியாமலே கைதட்டினார்கள். அவர் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். "பயணிகளின் கனி... கனிவ... நடை... நடைமே..." வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மைக் மக்கர் பண்ணுவதைப் போல நடிப்பது அவருடைய பழைய விளையாட்டு. கல்யாணமான புதிதில் அதைச் செய்துகாட்டித்தான் என்னை மடக்கினார். இழுத்து, விட்டு விட்டு, கொரகொரவென்று. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு வலிக்கும். அன்றைக்கும் சிரித்தேன். அவர் தள்ளாடிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார், சிரித்தேன். வலது கையிலிருந்த தொப்பி நழுவி விழுந்தது. அது பிரமாதமான நடிப்பு என்று சிரித்தேன். போட்டோ எடுத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். கண் நடிக்கவில்லை.

நான் சிரித்தது அரை நிமிடம் இருக்கும்.

[படிக்கல்: நான்கு நிமிடம். 10.20 முதல் 10.24 வரை. நானும் சிரித்தேன்.]

5

ஆம்புலன்ஸ் மேடேறி வர அரை மணிக்கு மேல் ஆயிற்று. அந்த வண்டிக்குள் அவர் என் கையை

வண்டியின் ஜன்னல் வழியாக ஒரு

சரி, இந்தப் பகுதி வேண்டாம். படிக்கல்லும் ஒரு புள்ளி கூட வைக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

6

ஆஸ்பத்திரித் தரையில் வண்ணக் கோடுகள் போட்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டில் போனால் அவசரப் பிரிவு, நீலக் கோட்டில் போனால் ஸ்கேன். படிக்கல்லைப் படிவம் நிரப்ப கவுன்டருக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நர்ஸ் அவர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் கொண்டைப் பேனா டாக்டர் வந்தார்.

(டாக்டர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். அவர் புத்தகம் மாதிரிப் பேசினால் அது என் குற்றம்.)

"இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? இவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? சரியான நேரம் வேண்டும்."

அவர் காதில் விழுந்த கடைசி நல்ல வாக்கியம் எது? இல்லை, தப்பு. என் காதில் விழுந்த அவருடைய கடைசி நல்ல வாக்கியம். ஏழு ஐம்பது வண்டி.

"ஏழு ஐம்பது" என்றேன்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். பாத்திரம் "எட்டு மணி இருக்கும்" என்றால் வாசகர் சந்தேகப்படுவார். "ஏழு ஐம்பது" என்றால் நம்பிவிடுவார். எட்டு என்பது ஊகம், ஏழு ஐம்பது என்பது சாட்சி. டாக்டரும் நம்பினார். கொண்டையிலிருந்து பேனாவை உருவி எழுதிக்கொண்டார். பொய் சொல்லும்போது எனக்கு வழக்கமாக உள்ளங்கை வியர்க்கும். அன்றைக்கு வியர்க்கவில்லை, ஏனென்றால் நான் உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். இதைவிடப் பெரிய பொய் நான் எழுதிய எந்தக் கதையிலும் இல்லை.

ஸ்கேன் முடிந்து டாக்டர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்திருக்கிறது. கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு ஐம்பதிலிருந்து இப்போது நாலு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும்."

ஐந்து நிமிடம். நாங்கள் சிரித்தது நாலு நிமிடம். நான் அந்தக் கணக்கைப் போட்டேன், உங்களிடம் மறைக்க மாட்டேன். என் சிரிப்பு அவர் குரலைத் தின்றுவிட்டது என்றே நினைத்தேன். காலுக்கு அடியில் நீலக் கோடு நெளிந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளிருந்து சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

7

கவுன்டரிலிருந்து படிக்கல் வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏழு ஐம்பதா?" என்றாள். "ஏழு ஐம்பதுக்கு அண்ணன் ஹோட்டல்ல குறட்டை விட்டுட்டு இருந்தான். யார் சொன்னா ஏழு ஐம்பதுன்னு?"

"அவரே சொன்னாரே! ஏழு ஐம்பது வண்டின்னு!"

"அண்ணி, உங்க கையில இருக்கற வாட்ச்ச பாருங்க. மணி என்ன?"

உறைக்குள் பார்த்தேன். "ஒன்பது ஐம்பத்தஞ்சு."

"சுவத்துல?"

"பன்னெண்டு இருபத்தஞ்சு."

"அவன் சொன்னது நம்ம ஸ்டாண்டு மணி! இங்க அப்ப பத்து இருபது! ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கு! இன்னும் நேரம் இருக்கு அண்ணி!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தும்போதும் ஐந்து நிமிடத்தை விடவில்லை.

நான் டாக்டர் பக்கம் திரும்பி மூச்சு விடாமல் கொட்டினேன். கடிகாரம், பஸ், நடைமேடை, பூச்சி. டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நேரம் தாண்டிவிட்டது என்று சொன்னதும் பல குடும்பங்கள் நேரத்தை மாற்றிச் சொல்கிறார்கள். ஆசையில் சொல்வதுதான், புரிகிறது. ஆனால் தப்பான நேரத்தை நம்பி இதைப் போட்டால் இவர் இறந்துபோகலாம். நீங்கள் முதலில் மிகத் தெளிவாகச் சொன்னீர்கள்."

"தெளிவாத்தான் சொல்வேன்! நான் கதை எழுதறவ!"

உலகத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த நீலக் கோட்டின் மேல்தான்.

படிக்கல் என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். பையிலிருந்து அவளுடைய அலுவலக அடையாள அட்டையை எடுத்து டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு எழுத்துகூட டாக்டருக்குப் புரியாது. ஆனால் தராசு படம் போட்ட முத்திரை இருந்தது. அடுத்து அவளுடைய பயண நோட்டை எடுத்தாள். அதைப் பற்றி நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, வயிற்றெரிச்சல்தான் காரணம். போகிற இடமெல்லாம் மணி குறித்து எழுதுவாள், டிக்கெட்டைப் பசை போட்டு ஒட்டுவாள். விமானத்தில் நான் அதை எவ்வளவு கேலி செய்தேன் தெரியுமா? "எத்தனை தடவை கொட்டாவி விட்டேன்னும் எழுதிக்கோ" என்றேன். எழுதியிருந்தாள். பதினொன்று.

அன்றைய பக்கத்தில் பூங்கா நுழைவுச் சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று பேர். அச்சடித்த நேரம் 9.52. அதற்குக் கீழே, "10.20 அண்ணன் அறிவிப்பு. எட்டுப் பேர் கைதட்டினர்."

டாக்டர் சீட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு இவர் நடந்து உள்ளே போனாரா?"

"நடந்துதான். பேசிக்கொண்டே" என்றாள் படிக்கல் ஆங்கிலத்தில். "பேச்சை நிறுத்தவே இல்லை."

டாக்டர் ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டார். அழைப்பு வந்த நேரம் 10.26 என்றார்கள். பேனா கொண்டைக்குத் திரும்பிப் போயிற்று. "போடலாம். ஒப்புதல் கையெழுத்து வேண்டும். ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். சீக்கிரம்."

கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் ஒரு வார்த்தை கூட்டாமல் நான் எழுதியது அந்தக் கையெழுத்துதான்.

8

இப்போது ஒரு சந்தேகம். படிக்கல் என்கிற பாத்திரத்தை வாசகர் நம்புவாரா? வேளை பார்த்துக் கவுன்டரிலிருந்து வருகிறாள், நோட்டு கையிலேயே இருக்கிறது, சீட்டு ஒட்டியே இருக்கிறது. என்னிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர் யாராவது இப்படி எழுதினால், "ஆளுக்கு ஒரு குறையாவது கொடுங்க" என்பேன். அதனால் ஒரு குறை கொடுக்கிறேன். மருந்து ஏற ஆரம்பித்ததும் அவள் பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

[படிக்கல்: அழவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.]

வாசகர் கவனத்துக்கு: அவள் கண்ணாடி போடுவதில்லை. எங்கள் வீட்டு வரலாற்றில் அவள் எழுதிய முதல் பொய் இது. அழிக்காமல் வைக்கிறேன்.

நான் இயந்திரத்துக்குப் பின்னால் போய் அவள் பக்கத்தில் நின்றேன். "இனிமே படிக்கல்னு கூப்பிட மாட்டேன்" என்றேன்.

"வேண்டாம், கூப்பிடுங்க" என்றாள். "அண்ணன் இப்படிக் கெடக்கறப்ப நீங்களும் புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எவ்வளவு நேரம் என்று யாரும் குறிக்கவில்லை.

9

முடிவு. இன்று மூன்றாம் நாள் காலை. (பின்பக்கம்: "மூன்றாம் நாள்: கடைவீதி. ஓய்வு.")

அவர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வலது கை விரல்கள் மெதுவாக மடங்குகின்றன. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார். குரல் மட்டும் வரவில்லை. கடிகாரத்தை இடது கையில் நான்தான் கட்டிவிட்டேன். இரண்டரை மணி நேரம் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டதற்குக் கண்ணாலேயே முறைத்தார். படிக்கல் சுவர் மணியைப் பார்த்தாள். நான் அவர் மணியைப் பார்த்தேன். பத்து இருபது. ஏழு ஐம்பது.

அவரும் பார்த்தார். வாயைத் திறந்தார்.

முடிவு ஒன்று: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கணீரென்று தொடங்கினார். நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்த நர்ஸுகள் எல்லோரும் ஓடி வந்து

[படிக்கல்: இல்லை.]

முடிவு இரண்டு: என்னைப் பார்த்து, கல்யாணமான புதிதில் கூப்பிட்டாரே அந்தச் செல்லப் பெயரைச் சொல்லி

[படிக்கல்: இல்லை. அது என்ன பெயர்?]

முடிவு மூன்று: பழைய மைக் மாதிரி கொரகொரவென்று இழுத்து, எங்களைப் பயமுறுத்திவிட்டு, கண்ணடித்துச் சிரித்தார்

[படிக்கல்: அண்ணி.]

சரி. இனிமேல் விளையாடவில்லை. குரல் வந்தது. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். கரகரப்பாக, பாதி நனைந்த தீக்குச்சி பற்றுவது போல வந்தது. அதில் ஒரு சொல் இருந்தது. டாக்டர் என் தோளைத் தட்டினார். இனி மாதக்கணக்கில் பயிற்சி, முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அந்த ஒரு சொல் போதும் போல இருந்தது. என்னங்க, என்னங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். சிரிப்பே வரவில்லை.

அது என்ன சொல் என்று எழுத இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் என் கை சும்மா இருக்காது. ஒரு எழுத்தைக் கூட்டும், ஒரு இழுப்பைக் குறைக்கும், கொஞ்சம் கண் காது மூக்கு வைக்கும். இந்த ஒரு சொல்லில் மட்டும் எதையும் கூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேசாமல் போய்விடுவாரோ என்று நீங்கள் பயந்த ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவர் வாயிலிருந்து முதலில் எது வந்தால் போதும் என்று நினைத்தீர்களோ, அதை எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

அவர் சொன்னது: ______________

[படிக்கல்: நீங்கள் எழுதியதைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். நேரம் 10.20; எங்கள் ஸ்டாண்டில் 7.50. முத்திரை குத்தப்பட்டது.]